அவை ‘ஆம்’ என்றது... அஞ்சல் போகவில்லை! 18 ஆண்டுகள் காத்திருந்த மிசிசிப்பி தீர்மானம்

2012 நவம்பரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. அடிமை முறையை ஒழிக்கும் 13-வது சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற ஆபிரகாம் லிங்கன் ஒவ்வொரு ஓட்டாகச் சேர்ப்பதுதான் கதை. படம் முடியும்போது எண்ணிக்கை தாண்டிவிடும். அவையில் ஆரவாரம், வெளியே மணியோசை. ரசிகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஜாக்சன் நகரில் படம் பார்த்த ஒரு பேராசிரியருக்கு மட்டும் அதற்கப்புறம் ஒரு கேள்வி வந்தது. ‘நாடாளுமன்றம் சரி... மாநிலங்கள் என்ன செய்தன?’

அவர் இந்தியாவில் பிறந்தவர். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நரம்பியல் சொல்லிக் கொடுப்பவர். அமெரிக்கக் குடியுரிமை பெற்றது 2008-ல்தான். வந்து சேர்ந்த வீட்டின் பழைய பத்திரங்களைப் புரட்டிப் பார்க்கும் ஆவல் புதிதாக வந்தவருக்குத்தானே அதிகம் இருக்கும்! இணையத்தில் தேடினார். எந்தெந்த மாநிலம் எப்போது ஒப்புதல் கொடுத்தது என்ற பட்டியல் கிடைத்தது. அதில் மிசிசிப்பி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. ‘1995-ல் ஒப்புதல் தந்தது, ஆனால் முறைப்படி தகவல் தெரிவிக்கவில்லை’ என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு.

1865-ல் நடந்திருக்க வேண்டியது 1995-ல் நடந்திருக்கிறது. அதுவும் முழுசாக முடியவில்லை!

தீர்மானம் என்றால் என்ன?

இந்தக் கதை புரிய, ஓர் அடிப்படை விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டனில் இருப்பது மட்டும் செனட் அல்ல. நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலங்களுக்கும் தனித்தனியாக இரண்டு அவைகள் உண்டு. மேலவைக்குப் பெயர் மாநில செனட். மிசிசிப்பி செனட்டில் 52 உறுப்பினர்கள், கீழவையில் 122 பேர்.

இந்த அவைகளுக்கு வரும் காகிதங்களில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, மசோதா. அது நிறைவேறினால் சட்டம்; ஆளுநரின் மேசைக்குப் போக வேண்டும். இன்னொன்று, தீர்மானம். ஒரு விஷயத்தில் அவையின் மனம் என்ன என்று சொல்வது அது. ஜெயித்த கால்பந்து அணிக்குப் பாராட்டு, மறைந்த பெரியவருக்கு இரங்கல் என்று தினம் தினம் வருபவை பெரும்பாலும் தீர்மானங்கள்தான். அவற்றைச் சில நிமிடங்களில் வாசித்து, கைதட்டி, முடித்துவிடுவார்கள்.

ஆனால், அதே ‘தீர்மானம்’ என்ற தலைப்பின் கீழ்தான் மிகப் பெரிய வேலைகளும் நடக்கின்றன. அமெரிக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதன் பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலை ஒரு மாநிலம் தெரிவிப்பது தீர்மானத்தின் மூலமாகத்தான். அதற்கு ஆளுநரின் சம்மதம் தேவையில்லை. இரண்டு அவைகளும் ‘ஆம்’ என்றால் போதும்.

பாதை எளிதானதுபோலத் தோன்றும். ஆனால், வழியில் எத்தனை கதவுகள் என்று பாருங்கள்.

முதலில், ஓர் உறுப்பினர் அதைத் தன் பெயரில் கொண்டுவர வேண்டும். அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். அவைக்குத் தலைமை தாங்கும் துணை ஆளுநர் அதை எந்தக் கமிட்டிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வார். அந்தக் கமிட்டியின் தலைவர் எடுத்துப் பேசினால் அது உயிரோடு இருக்கும். எடுக்காமலே விட்டுவிட்டால்? எதிர்த்து ஓட்டுப் போட வேண்டிய அவசியம்கூட இல்லை. கெடு தேதி வந்ததும் அது தானாகச் செத்துப்போகும். அங்கே அப்படித்தான் சொல்வார்கள், ‘கமிட்டியில் இறந்தது’ என்று!

கமிட்டியைத் தாண்டினால் அவையின் நிகழ்ச்சி நிரலில் இடம் பிடிக்க வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. அதில் ஜெயித்தால் கட்டடத்தின் மறுபக்கம் இருக்கும் கீழவைக்குப் பயணம். அங்கேயும் இதே கமிட்டி, இதே வரிசை, இதே வாக்கெடுப்பு. இரண்டு இடத்திலும் ஒரே வாசகம் நிறைவேற வேண்டும். அதன்பின் சுத்தமான பிரதி எடுத்து, இரு அவைத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டு, மாநிலச் செயலரின் அலுவலகத்துக்குப் போகும்.

இந்த எல்லாக் கதவுகளையும் தாண்டிய ஒரு தீர்மானம் கடைசியில், வாசற்படியில் நின்றுவிட்ட கதைதான் இது.

1865: ‘முடியாது’ என்ற மாநிலம்

1865 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தின் கீழவை 119-க்கு 56 என்ற கணக்கில் 13-வது திருத்தத்தை நிறைவேற்றியது. படத்தின் உச்சக்காட்சி இந்த நாள்தான். அப்போது அமெரிக்காவில் 36 மாநிலங்கள். 27 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் திருத்தம் செல்லும்.

அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று 27-வது மாநிலமாக ஜார்ஜியா ஒப்புதல் கொடுத்தது. மிசிசிப்பி அதே வாரத்தில்தான் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தது.

அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1860-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசிசிப்பியில் இருந்தவர்கள் 7,91,305 பேர். அதில் அடிமைகள் மட்டும் 4,36,631 பேர். அதாவது, மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னொருவரின் ‘சொத்து’ என்று எழுதிவைக்கப்பட்டிருந்தார்கள். பருத்தி வயல்களின் லாபம் அவர்களுடைய முதுகில்தான் ஏறி நின்றது. அதை விட்டுக்கொடுக்க நில உடைமையாளர்களுக்கு மனம் வரவில்லை.

மறுத்ததால் சட்டம் நிற்கவில்லை. 27 மாநிலங்கள் சேர்ந்துவிட்டதால், வேண்டாம் என்ற மாநிலத்துக்கும் அது பொருந்தியது. எனவே, மிசிசிப்பியில் அடிமை முறை 1995 வரை நடந்தது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். 1865-லேயே அது சட்ட விரோதம். நடக்காமல் போனது அந்த மாநிலம் தன் வாயால் ‘ஆம்’ என்று சொல்வது மட்டும்தான்.

மிசிசிப்பியோடு மறுத்தவை இன்னும் மூன்று மாநிலங்கள். நியூ ஜெர்சி சில வாரங்களிலேயே, 1866 ஜனவரியில், மனம் மாறியது. டெலவேர் 1901-ல், லிங்கனின் பிறந்தநாளான பிப்ரவரி 12 அன்று ஒப்புதல் கொடுத்தது. கென்டக்கி 1976-ல் தந்தது. பட்டியலில் மிஞ்சியது மிசிசிப்பி மட்டும்.

அதே அவை, வேறொரு முகம்

இதில் ஒரு விநோதம் உண்டு. அடிமை முறை ஒழிந்து ஐந்தே ஆண்டுகளில், அதே மிசிசிப்பி செனட்டில் ஒரு கறுப்பினப் போதகர் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். பெயர் ஹைரம் ரெவல்ஸ். 1870 ஜனவரியில் அவை கூடியபோது தொடக்கப் பிரார்த்தனை செய்தவர் அவர். கேட்டவர்கள் மனதில் அந்தப் பிரார்த்தனை தங்கிவிட்டது. உள்நாட்டுப் போரால் காலியாகக் கிடந்த வாஷிங்டன் செனட் இடத்துக்கு மாநில அவைகள் அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பின. அந்தக் காலத்தில் வாஷிங்டன் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில அவைகள்தான் தேர்ந்தெடுத்தன. அமெரிக்க செனட்டின் முதல் கறுப்பின உறுப்பினர் மிசிசிப்பியிலிருந்து போனவர்!

அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. 1890-ல் மாநிலம் புதிய அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும், சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன. காகிதத்தில் எந்த நிறத்தின் பெயரும் இல்லை. ஆனால், யாரைத் தடுக்க எழுதப்பட்டதோ அவர்களைச் சரியாகத் தடுத்தது. மீண்டும் ஒரு கறுப்பினத்தவர் மாநில அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபர்ட் கிளார்க் என்ற ஆசிரியர் அந்த ஆண்டு கீழவைக்கு ஜெயித்தார்.

அந்த வாசல் திறந்த பிறகு வந்தவர்களில் ஒருவர்தான் ஜாக்சனைச் சேர்ந்த ஹில்மன் ஃப்ரேசியர். 1980 முதல் கீழவையிலும், 1993 முதல் செனட்டிலும் உறுப்பினர்.

‘சி’ கிரேடு மாணவரின் கடிதம்

தீர்மானம் தானாகப் பிறக்காது. யாராவது ஒருவருக்கு அது உறுத்த வேண்டும். மிசிசிப்பி விஷயம் உறுத்தியது டெக்சாஸில் இருந்த கிரெகரி வாட்சனுக்கு.

இவர் கதையே ஒரு தனி சினிமா. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வகுப்புக்காக ஒரு கட்டுரை எழுதினார். ‘நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை மாற்றினால், அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது நடைமுறைக்கு வர வேண்டும்’ என்று 1789-ல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தம் போதிய மாநிலங்கள் சேராமல் அப்படியே கிடக்கிறது. கெடு தேதி எதுவும் இல்லாததால் அதற்கு இன்னும் உயிர் உண்டு என்பது கட்டுரையின் வாதம். அதற்குக் கிடைத்தது ‘சி’ கிரேடு!

அவர் சும்மா இருக்கவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார், தன் கைக்காசைப் போட்டு. 1983-ல் மெய்ன், 1984-ல் கொலராடோ என்று ஒவ்வொன்றாகத் தீர்மானங்கள் நிறைவேறத் தொடங்கின. 1992-ல் அது 27-வது சட்டத்திருத்தமாகவே ஆகிவிட்டது. 2017-ல் பல்கலைக்கழகம் அவருடைய கிரேடை ‘ஏ’ என்று திருத்தியது.

அப்படிப்பட்டவரின் கண்ணில் மிசிசிப்பியின் பாக்கி படாமல் இருக்குமா? அந்த மாநில அவைகளின் கறுப்பின உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். ஃப்ரேசியர் அதைத் தீர்மானமாக செனட்டில் கொண்டுவந்தார்.

1995-ல் செனட் அதை ஒருமனதாக ஏற்றது. பிறகு கீழவை. அங்கேயும் ஒருமனதாக. மார்ச் 16 அன்று வேலை முடிந்தது. 130 ஆண்டுகளுக்கு முன்பு ‘முடியாது’ என்ற மாநிலம் ‘ஆம்’ என்றது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கடைசிப் பத்தி

அந்தத் தீர்மானத்தின் கடைசிப் பத்தியில் ஓர் உத்தரவு இருந்தது. மாநிலச் செயலர் இதன் நகலை வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் ரெஜிஸ்டர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் அது. சட்டத்திருத்த ஒப்புதல்கள் எல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்கும் அந்த அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அங்கே பதிவானால்தான் கணக்கில் வரும்.

நகல் போகவில்லை.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். பத்திரம் பதிந்தாயிற்று, ஆனால் பெயர் மாற்ற மனு கொடுக்கவில்லை. கோர்ட்டில் ஜெயித்தாயிற்று, தீர்ப்பின் நகல் வாங்கவில்லை. பெரிய சண்டையை முடித்த களைப்பில் சின்ன வேலையை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடுவோம். அந்த நாளை வராமலே போய்விடும். பல வருடம் கழித்துப் பிள்ளைகள் ஃபைலைத் திறக்கும்போதுதான் தெரியும், விஷயம் முடியவே இல்லை என்று.

மிசிசிப்பியின் ஃபைலைத் திறந்தவர் அந்தப் பேராசிரியர். தனக்குத் தெரிந்ததைத் தன்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் சொன்னார். அந்த நண்பர் மிசிசிப்பிக்காரர். அவரும் போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாஷிங்டன் அலுவலகத்துக்கு போன் போட்டு, மிசிசிப்பியிடமிருந்து எதுவும் வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டார். 1995-ம் ஆண்டுத் தீர்மானத்தைத் தேடி எடுத்தார். கடைசிப் பத்தியைப் படித்தார். மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு போன் போட்டார்.

கவனியுங்கள்... இருவரும் அரசியல்வாதிகள் அல்ல. வழக்கு போடவில்லை, போராட்டம் நடத்தவில்லை. ‘இது முடிந்ததா?’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது மாநிலச் செயலராக இருந்தவர் டெல்பர்ட் ஹோஸ்மன். விஷயம் காதுக்கு வந்ததும் அனுப்பிவிடலாம் என்றார். 2013 ஜனவரி 30 அன்று நகல் புறப்பட்டது. பிப்ரவரி 7 அன்று ஃபெடரல் ரெஜிஸ்டர் இயக்குநர் சார்லஸ் பார்த், அது வந்து சேர்ந்ததையும் மிசிசிப்பி ஒப்புதல் அளித்துவிட்டதையும் உறுதி செய்து பதில் எழுதினார். கிட்டத்தட்ட 18 ஆண்டுகள் நின்ற வேலை, எட்டு நாளில் முடிந்தது!

இதனால் என்ன மாறியது?

‘சட்டப்படி எதுவும் மாறவில்லையே... எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஒரு குடும்பத்தில் பெரிய அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது. கோர்ட் தண்டித்துவிட்டது, நஷ்டமும் நின்றுவிட்டது. ஆனால், செய்தவர் ‘அது தப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் வீட்டில் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறதா, இல்லையா? சட்டம் வெளியிலிருந்து வந்து கையைப் பிடித்து நிறுத்தலாம். தவறை ஒப்புக்கொள்ளும் வார்த்தை உள்ளிருந்துதான் வர வேண்டும். தீர்மானங்களின் வேலை அதுதான். அவை யாரையும் சிறையில் போடுவதில்லை, யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. ஒரு மாநிலம் தன் பெயரில், தன் குரலில் ஒன்றைச் சொல்ல வைக்கின்றன.

அந்த 4,36,631 பேரின் கொள்ளுப் பேரக் குழந்தைகள் இன்றும் மிசிசிப்பியில்தான் வாழ்கிறார்கள். அவர்கள் மூதாதையரை ‘சொத்து’ என்று எழுதிவைத்ததும் காகிதம்தான். அதை மறுக்கும் காகிதமும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில் அர்த்தம் இருக்கிறது.

கெடு தாண்டிய பிறகும் ஒரு வழி

ஹோஸ்மனின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறது. 2020-ல் அவர் துணை ஆளுநர் ஆனார். அதாவது, மிசிசிப்பி செனட்டுக்குத் தலைமை தாங்குபவர்.

அந்த ஆண்டு கோடையில் மாநிலக் கொடி பெரிய விவகாரமானது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் சின்னம் 1894 முதல் அந்தக் கொடியில் இருந்தது. 2001-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியும் கொடி மாறவில்லை. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட பிறகு நாடெங்கும் எழுந்த குரல் ஜாக்சனிலும் எழுந்தது. ஆனால், புது மசோதா கொண்டுவரும் கெடு தேதி எப்போதோ தாண்டிவிட்டது.

கெடு முடிந்தால் கதவு மூடிவிடும். அதைத் திறக்க ஒரே சாவி, விதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஒரு தீர்மானம். அதற்கு இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஜூன் 27 அன்று அந்தத் தீர்மானம் கீழவையைத் தாண்டி செனட்டுக்கு வந்து, 36-க்கு 14 என்று நிறைவேறியது. மறுநாள் கொடியை மாற்றும் மசோதா 37-க்கு 14 என்று நிறைவேறியது. ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த நவம்பரில் மக்கள் மக்னோலியா பூ போட்ட புதிய கொடிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

இந்த முறை எந்தக் காகிதமும் மேசையில் தூங்கவில்லை. தீர்மானம் நிறைவேறியதிலிருந்து ஆளுநரின் கையெழுத்து வரை ஆனது மூன்றே நாள்.

அடுத்த முறை ‘தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது’ என்ற செய்தி உங்கள் போனில் வந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள். அது எந்த ஊர் அவையாக இருந்தாலும் சரி, உங்கள் குடியிருப்போர் சங்கமாக இருந்தாலும் சரி. கைதட்டல் அடங்கிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது? அதை யார் செய்யப்போகிறார்கள்?’